சவுக்குத்திட்டில் நான் கை நனைத்தது

கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு வாசலிலிருந்து பிச்சாவரம் காட்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. பெங்களூரிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நான் நாற்பத்தெட்டு வயது வரை பார்த்ததில்லை. பக்கத்தில் இருக்கிற எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிற ஆள் நான். கடைசியில் போனதும் காட்டைப் பார்க்க அல்ல, பெண் பார்க்க.

பெண் என் மச்சான் குமரவேலுக்கு. என் மனைவி மல்லிகாவின் தம்பி. குறிஞ்சிப்பாடியில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்தைந்து. குடி கிடையாது, சீட்டு கிடையாது, கடையைத் திறக்கிற நேரமும் பூட்டுகிற நேரமும் மாறியது கிடையாது. அவனுக்கு இருக்கிற ஒரே சங்கடம், பேச்சு திக்கும். எங்களிடம் பேசும்போது கொஞ்சமாகத் திக்கும். புது ஆட்கள் முன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும், முகம் சிவக்கும், பார்க்கிறவர்களுக்கு நாமே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடலாமே என்று இருக்கும்.

எனக்கு அப்படி இருந்துதான் கெட்டது. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அடுத்தவருக்காகப் பேசிப் பேசியே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன். ஆகவே மச்சானுக்கும் நானே பேசினேன். பெண் வீட்டில் அவனிடம் யாராவது எதையாவது கேட்டால், அவன் வாயைத் திறப்பதற்குள் என் பதில் போய்ச் சேர்ந்துவிடும். “பையன் கொஞ்சம் அமைதி” என்பது நான் தயார் செய்து வைத்திருந்த வாசகம். அந்த வாசகத்தோடு பதினொரு வீடு ஏறி இறங்கினோம். பதினொன்றும் அமையவில்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு வீட்டில், நாங்கள் செருப்பு மாட்டும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: “பையன் ஊமையாடி?” அன்றைக்குக் குமரவேல் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான். இன்னும் ஒரே ஒரு வீடு, அதுவும் ஆகாவிட்டால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று அவனுடைய அக்காவிடம் சொல்லிவிட்டான்.

அந்த ஒரே ஒரு வீடு சவுக்குத்திட்டில் இருந்தது. பிச்சாவரம் காட்டுக்குள், நான்கு பக்கமும் தண்ணீர், பன்னிரண்டு வீடு. சாலை கிடையாது. படகுதான். மல்லிகா வழியில் தூரத்து உறவு அவர்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னால் சவுக்குத் தோப்புக் காவலுக்குப் போன அண்ணன் தம்பிகள், தோப்பு போன பிறகும் திரும்பி வராமல் அங்கேயே மீன், நண்டு என்று இருந்துவிட்டார்கள். பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. படகில் போக வேண்டிய ஊர் என்றதும் மாப்பிள்ளை வீட்டார் கரையிலேயே திரும்பிவிடுகிறார்களாம். அவர்களுக்கு ஊர் சரியில்லை, எங்களுக்குப் பேச்சு சரியில்லை, இது அமைந்துவிடும் என்று மல்லிகா நம்பினாள்.

சனிக்கிழமை சாயங்காலமே சிதம்பரம் போய்த் தங்கினோம். படகு காலையில், அதுவும் கடிகாரம் பார்த்து அல்ல, தண்ணீர் பார்த்து எடுப்பார்கள் என்று போனில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது புரியவில்லை. தண்ணீர் எங்கே போய்விடப்போகிறது என்று நினைத்தேன்.

சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு வைத்தார்கள். எங்கள் கடலூர் ஓட்டல்களிலும் கொத்சு என்ற பெயரில் ஒன்றை ஊற்றுகிறார்கள். இதைச் சாப்பிட்ட பிறகு அவர்கள் மேல் வழக்குப் போடலாம் போலிருந்தது. சுட்ட கத்தரிக்காயின் வாசனை, புளி நிதானம், வாயில் கடைசியாக வந்து நிற்கும் வறுத்த மல்லி. நான் இரண்டாம் முறை கொத்சு கேட்டபோதுதான் மல்லிகா ஆரம்பித்தாள்.

“இங்கியே நல்லா சாப்ட்டுக்குங்க. நாளைக்கு அங்க போயி கை நனைச்சிடாதீங்க.”

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போகும் வீட்டில் காப்பி குடிக்கலாம். கேசரி, பஜ்ஜி தின்னலாம். சோறு மட்டும் சாப்பிடக் கூடாது. சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது, தேதி பார்ப்பதுதான் பாக்கி. கை நனைத்துவிட்டுப் பின்வாங்கினால் அது பெண்ணுக்கும் அவமானம், வீட்டுக்கும் அவமானம். இதைத்தான் கை நனைப்பது என்போம். அந்த வீடு என்றால் பெண் பிறந்த வீடு மட்டும் இல்லை, பெரியப்பா சித்தப்பா வீடும் அதே கணக்குதான்.

“எனக்குத் தெரியாதா?” என்றேன்.

“மீன் கொழம்பு வாசன வந்தா உங்களுக்கு எதுவும் தெரியாது” என்றாள். குமரவேல் இலையைப் பார்த்துச் சிரித்தான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிள்ளைக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ஆட்டோக்காரர் எங்கள் வெள்ளை வேட்டியையும் மல்லிகாவின் பட்டுச் சேலையையும் பார்த்துவிட்டு, நாங்கள் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று முடிவு செய்து, சுற்றுலாப் படகுத்துறையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கே ஒரு தெலுங்குத் தம்பதி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையோடு போராடிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் கற்ற அரைகுறைத் தெலுங்கில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். “நீச்சல் தெரியும் என்று சொல்லித்தானே என்னைக் கட்டினீர்கள்?” என்றாள் மனைவி. “குளத்தில் தெரியும் என்றுதான் சொன்னேன்” என்றார் கணவர். நான் இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் மல்லிகா சிரித்தாள். குமரவேல் சிரிக்கவில்லை. சொல்லி ஏமாற்றுவது என்ற விஷயம் அவனுக்கு அன்றைக்கு ரசிக்கவில்லை போலும். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

ஊர்க்காரர்கள் படகு ஏறும் இடம் வேறு. வந்த வழியே நடந்து, நண்டு வலைகள் காய்ந்துகொண்டிருந்த ஒரு கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி தாண்டிவிட்டது. வரச் சொன்னது ஏழரைக்கு. ஒல்லியாக, நரைத்த மீசையோடு ஒருவர் பைபர் படகில் நின்றுகொண்டிருந்தார். பெயர் முருகையன் என்றார்.

“லேட்டு பண்ணிட்டீங்களே. கடல் தண்ணி ஏறி நிக்கிது. பதினொரு மணிக்கு அங்கேந்து திரும்பிடணும். அப்பால வத்திடும்.”

“ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும்யா. பொண்ணப் பாத்தோம், காப்பி குடிச்சோம், கெளம்பினோம்” என்றேன்.

படகு கிளம்பியதிலிருந்து நான் பேசினேன். கடலூர்த் துறைமுகம், எங்கள் தெருவில் மழைநீர் வடியாத கதை, எங்கள் வக்கீலின் மறதி. முருகையன் மூங்கில் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டே “ம், ம்” என்றார். இரண்டு மூன்று முறை அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “பொண்ணு வீடு வந்து எங்க...” என்று ஆரம்பித்தார் ஒரு முறை. “வீடு எப்படியிருந்தா என்னங்க, மனுஷங்கதான் முக்கியம்” என்று நான் முடித்துவைத்தேன்.

ஆனாலும் கண் இருக்கிறதே, அது பார்க்காமல் இருக்குமா? அகலமாக இருந்த வாய்க்கால் சுருங்கிச் சுருங்கி, படகு மட்டும் நுழைகிற சந்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள். வேர் தரைக்குள் போகாமல், இடுப்பளவு உயரத்திலிருந்து வளைந்து வளைந்து தண்ணீரில் இறங்கியிருந்தது. மேலே கிளைகள் கூடிவிட்டதால் வெயில் சல்லடை வழியாக விழுந்தது. கிளைகளில் முருங்கைக்காய் நீளத்துக்குப் பச்சையாகத் தொங்கியவற்றைக் காய் என்று நினைத்தேன். காய் இல்லை, கன்று. விதை மரத்திலேயே முளைத்து, செடியாகித்தான் கீழே விழுமாம். கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண், வாயில் ஓலைப்பறியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, அடியில் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து முருகையனுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு திருப்பத்தில் பளபளவென்று இலைகளோடு ஒரு மரம் கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது. மல்லிகா ஓர் இலையைக் கிள்ளப் போனாள்.

“தொடாதம்மா!” என்று முருகையன் அதட்டினார். “தில்ல மரம். பாலு கண்ணுல பட்டா பார்வ போயிடும்.”

தில்லை! நேற்று இரவு தூங்கிய ஊருக்கு இந்த மரத்தால்தான் அந்தப் பெயர். சிதம்பரத்தின் தெருக்களில் பெயர்ப்பலகைகளில் எல்லாம் தில்லை இருக்கிறது. மரம் என்னவோ இந்தச் சேற்றில் ஒதுங்கி நிற்கிறது. எனக்கு அது வியப்பாக இருந்தது. அதைப்பற்றியும் கால் மணி நேரம் பேசினேன்.

சவுக்குத்திட்டில் இறங்கியபோது ஒன்பதரை. வெள்ளை மணல், நாலைந்து சவுக்கு, மீதி தென்னை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீற்றுக் கூரை, ஒன்றிரண்டு ஓட்டு வீடு. ஒரு வீட்டுக்கும் வேலி இல்லை. பெண்ணின் அப்பா கோதண்டம் படகருகே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். காப்பி வந்தது, கேசரி வந்தது, நண்டு உருண்டை என்று ஒன்று வந்தது. நண்டுச் சதையை உதிர்த்து, சோம்பும் தேங்காயும் சேர்த்துப் பொரித்தது. சோறு இல்லையே, தின்னலாம் என்று மல்லிகா கண்ணால் அனுமதி கொடுத்தாள். எட்டு தின்றேன்.

பெண்ணை அழைத்து வந்து நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏற்கனவே அங்கேதான் இருந்தாள். வாசலின் ஓரத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, உயிர் நண்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அமுதா. மதியத்துக்குள் கட்டிவிடாவிட்டால் கூடைக்குள் ஒன்றையொன்று கடித்துக் காலை ஒடித்துக்கொள்ளும், கால் போன நண்டை வியாபாரி எடுக்கமாட்டார் என்று அவளுடைய அம்மா மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

நான் அப்படி ஒரு வேலையைப் பார்த்ததில்லை. என் உள்ளங்கையைவிடப் பெரிய நண்டு. கொடுக்கை விரித்துக்கொண்டு வருகிறது. அவள் கட்டைவிரலால் அதன் முதுகை அழுத்துகிறாள். நூலை ஒரு கொடுக்கின் மேல் போட்டு மடக்கி, அடியில் வாங்கி, அடுத்த கொடுக்கையும் சேர்த்து இறுக்கி, முதுகில் ஒரு முடிச்சு. பத்து எண்ணுவதற்குள் நண்டு மடித்துக் கட்டிய பொட்டலமாகிவிடுகிறது. குமரவேலின் கண் அவள் விரல்களிலேயே இருந்தது. நட்டு, போல்ட்டு, கம்பி என்று கையால் வாழ்கிறவன் அல்லவா. நாற்காலியில் இருந்து சற்று முன்னால் சாய்ந்து, “அ... அந்த மு... மு...” என்று ஆரம்பித்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முடிச்சு ரொம்ப நல்லாருக்குன்னு சொல்றாப்ல” என்றேன் நான். அவன் பின்னால் சாய்ந்துகொண்டான்.

அதன் பிறகு நான் என் கடமையைச் செய்தேன். கடையின் பெருமை, பையனின் ஒழுக்கம், அமைதி. “பதினொரு எடம் வந்துச்சுங்க. நாங்கதான் ஒண்ணொண்ணா வேணாம்னுட்டோம். பையனுக்கு மனசு புடிக்கணும்ல” என்று ஒரு போடு போட்டேன். மல்லிகா என் காலை மிதித்தாள். மிதித்தது பொய்க்கு என்றுதான் நினைத்தேன். நேரத்துக்காகவும்தான் என்று பிறகு தெரிந்தது.

பதினொன்றேகாலுக்கு முருகையன் வந்து நின்றார். “வத்திப்போச்சுங்க.”

ஓடிப்போய்ப் பார்த்தோம். காலையில் வந்த வாய்க்காலைக் காணவில்லை. நடுவில் முழங்கால் அளவுக்கு ஒரு கோடு தண்ணீர், இரண்டு பக்கமும் பளபளவென்று கறுப்புச் சேறு. சேற்றில் ஆயிரக்கணக்கான வேர்முனைகள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் வழியாகத்தான் மரம் மூச்சு விடுமாம். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

“இனிமே அஞ்சு மணிக்குத்தான்” என்றார் முருகையன்.

கடலூரில் ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். பஸ் இல்லையென்றால் ஷேர் ஆட்டோ. அதுவும் இல்லையென்றால் தெரிந்தவன் வண்டி. போக்குவரத்துக்காக ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் வாழ்க்கையில் நடந்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிதம்பரம் போய்விடலாம் என்ற நம்பிக்கையில் நாங்கள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட எடுத்துவரவில்லை.

ஒரு மணி ஆனது. ஒன்றரை ஆனது. உள்ளே சமையல் முடிந்துவிட்டது என்று மூக்குக்குத் தெரிந்தது. ஆனால் சாப்பிடுங்கள் என்று அவர்களும் சொல்லமுடியாது. சொன்னால் சம்பந்தத்துக்கு நெருக்குகிறார்கள் என்று ஆகும். சாப்பாடு கிடைக்குமா என்று நாங்களும் கேட்கமுடியாது. கேட்டால் முடிந்தது. விருந்தாளி பட்டினியாக இருக்கிறாரே என்று வீட்டுக்காரர்களும் சாப்பிடவில்லை. இரண்டு தரப்பும் மாறி மாறி இளநீர் வெட்டிக் குடித்துக்கொண்டு, வெயில் ஜாஸ்தி என்று பேசிக்கொண்டிருந்தோம். அமுதா மட்டும் நூற்றுக்கு மேல் நண்டு கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். மல்லிகா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். மறுகோடியில், தென்னைகளுக்கு அப்பால் கடைசி வீடு. வாசலில் முருகையன் வலை உதறிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது.

“வாங்க வாங்க. சாப்ட்டு ரெஸ்ட் எடுங்க” என்றார்.

எனக்குள் இருந்த குமாஸ்தா உடனே சட்டம் பார்த்தான். கை நனைக்கக் கூடாதது பெண் வீட்டில். இது படகுக்காரர் வீடு. ஊரின் இந்தக் கோடி வேறு, அந்தக் கோடி வேறு. தடையொன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். முருகையனின் மனைவி வாழையிலை போட்டபோது, படகுக்காரர் வீட்டில் இவ்வளவு மரியாதையா என்றுதான் நினைத்தேன். மடவை மீன் குழம்பு. புளி கொஞ்சம், மாங்காய் நிறைய. எங்கள் வீட்டுக்கு வருகிற மீன் ஐஸில் இரண்டு நாள் தூங்கி எழுந்து வந்தது. இது காலையில் நீந்திக்கொண்டிருந்த மீன். சதை எலும்பைவிட்டுத் தானாகவே கழன்று வந்தது. மூன்றாம் முறை சோறு வாங்கினேன். அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

நான் கை கழுவிவிட்டுக் கோதண்டம் வாசலுக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. கோதண்டம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எதிரே வந்தார். “சம்மந்தி! எந்தம்பி வூட்ல கை நனைச்சிட்டீங்களாமே. கேட்டதும் எனக்கு உசுரே வந்துச்சு!”

முருகையன் அவருடைய கூடப்பிறந்த தம்பி. அமுதாவின் சொந்தச் சித்தப்பா. பன்னிரண்டு வீடும் ஒரே வகையறாதான். சவுக்குத்திட்டில் எந்த இலையில் உட்கார்ந்தாலும் அது பெண் வீட்டு இலை. காலையில் படகில் அந்த மனிதர் மூன்று முறை சொல்ல வந்தது இதைத்தான்.

மல்லிகா நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ சர்க்கரையை என் வாயில் போட்டார்கள். குமரவேல் நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். அப்போது அமுதா வெளியே வந்தாள்.

“நிறுத்துங்க” என்றாள். கத்தவில்லை. ஆனால் எல்லோரும் நிறுத்தினார்கள். “மீன் கொழம்பு சாப்ட்டது அவுரு. கழுத்த நீட்டப்போறது நானு. இது எந்த ஊரு நாயம்? என்ன யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?”

“அமுதா, கை நனைச்சப்புறம் பேசக்கூடாதும்மா” என்றார் கோதண்டம்.

“நான் நனைக்கில. அவரும் நனைக்கில” என்று குமரவேலைக் காட்டினாள். பிறகு நேராக அவனிடமே கேட்டாள். “பதினோரு பொண்ண வேணாம்னு சொன்னீங்களாமே. அவுங்ககிட்ட என்னா கொற பாத்தீங்க?”

“அது வந்தும்மா, ஜாதகம்...” என்று ஆரம்பித்தேன்.

“உங்கள கேக்கில. அவர கேட்டேன்.”

குமரவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. “நா... நா...” என்றான். நின்றுவிட்டது. என் வாய்க்குள் பதில் தயாராக இருந்தது, இரண்டு மூன்று பதில்கள் இருந்தன. அமுதா கண்ணை அவன் முகத்தைவிட்டு எடுக்கவில்லை. அவசரப்படவும் இல்லை.

“நா... நான் வேணாம்னு சொல்லுலங்க. அ... அவுங்கதான் சொன்னாங்க. எனக்குப் பே... பேச்சு திக்கும். மாமா அத ம... மறச்சி மறச்சி பேசுவாரு. எ... எதையோ மறைக்கிறாங்கன்னு அவுங்களுக்குத் தெ... தெரிஞ்சிடும். எ... என்னான்னு மட்டும் தெ... தெரியாது.”

ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. பதினொரு வீட்டில் நான் வாய் ஓயாமல் பேசியதற்கு இதுதான் பலன் என்று அவன் இத்தனை வருடம் தெரிந்துவைத்திருந்தான். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவனுக்காக அழுகை வந்தது. முப்பத்தைந்து வயதுப் பிள்ளையை வாயில் கை வைத்து மூடியது போல்தானே நான் வைத்திருந்தேன்.

“இத காலையிலியே சொல்லிருக்கலாம்ல?” என்றாள் அமுதா.

“வு... வுடுல” என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கோதண்டம் விடவில்லை. பேச்சு திக்கினால் என்ன, எங்கள் வீட்டில் கை நனைத்தவர் சம்பந்திதான் என்றார். குமரவேல் அவரிடம் திரும்பிக் கும்பிட்டான். “மாமா சாப்ட்டது க... கணக்குல வேணாங்க. நா... நான் சாப்புடல. அவுங்களா ச... சரின்னு சொன்னாதான் சாப்புடுவேன். இ... இல்லன்னா வேணாங்க.”

அமுதா உள்ளே போய்விட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஐந்து மணி வரை அந்த வாசலில் நாங்கள் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் முதன்முறையாக வாய் மூடி இருந்தேன் என்பதை மட்டும் மல்லிகா இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறாள்.

தண்ணீர் வந்தது. வருகிற சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன்; கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர்முனைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின, படகு நிமிர்ந்தது. நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு அமுதா ஒரு தூக்குவாளியோடு மணலில் இறங்கி வந்தாள். குமரவேலிடம் நீட்டினாள்.

“படவுல போயி சாப்டுங்க. இது எங்க வூட்ல சாப்ட்டதா ஆவாது.” கொஞ்சம் நிறுத்தினாள். “தூக்கு எங்களுது. அடுத்த ஞாத்திக்கெழம திருப்பிக் கொண்டாரணும். நீங்க மட்டும் வாங்க.” என் பக்கம் பார்த்தாள். “அவுரு வாணாம்.”

திரும்பும்போது படகில் நான் பேசவில்லை. அதனால் காடு பேசியது. சேற்றுக்குள்ளிருந்து டக் டக் என்று விரல் சொடுக்குகிற சத்தம். இறால் வகை ஒன்று செய்வதாம். கூட்டுக்குத் திரும்புகிற நீர்க்காகங்களின் இரைச்சல். கழியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். முருகையன் தானாகவே பேச ஆரம்பித்தார். தண்ணீர் நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளித்தான் ஏறும், அடுத்த ஞாயிறு மத்தியானத்துக்குத்தான் நிறையும் என்றார். அண்ணன் மகளுக்கு மூன்று வயதில் கழி பிடிக்கக் கற்றுக் கொடுத்ததைச் சொன்னார். காலையில் கேட்டிருந்தால் எல்லாமே தெரிந்திருக்கும்.

குமரவேல் தூக்கைத் திறந்தான். நண்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. அக்காவும் தம்பியும் அதன் மூடியிலும் வாளியிலுமாகப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். நான் பார்த்தேன். “உங்களுக்கு எதுக்கு? நீங்கதான் சம்மந்தி ஆயிட்டீங்களே” என்றாள் மல்லிகா.

அந்த வாரம் முழுவதும் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. என்ன சட்டை போடவேண்டும், எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லக் கூடாது, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிறு காலை அவன் தூக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு தனியாகப் போனான் என்று மல்லிகா சொன்னாள்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மணி, இரண்டரை. மூன்று மணிக்கு என் போன் அடித்தது. அக்காவுக்கு அடிக்காமல் எனக்கு அடித்திருந்தான். பின்னால் காற்றும் தென்னை ஓலையும் கேட்டன.

“மா... மாமா” என்றான்.

“சொல்லு மச்சான்.”

“நா... நான் சா... சா...”

அந்தச் சொல் எனக்குத் தெரிந்துவிட்டது. மல்லிகா பக்கத்தில் வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்ன, என்ன என்று சைகையில் கேட்டாள். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மூச்சு திணறுவது கேட்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது கேட்டது. நான் காத்திருந்தேன்.

“சா... சாப்ட்டேன் மாமா” என்றான்.